புகைக்கு வரி கேட்ட வருசம்

ஏலே ராசா,

நீ அனுப்பின கூரியர் வந்து சேந்துட்டு. போன்ல பேசலாம்னா, ஒண்ணு நான் கத்துவேன், இல்லன்னா அழுவேன், ரெண்டுலயும் சொல்ல வந்தது பாதியில நின்னுரும். அதனால உக்காந்து எழுதுதேன். எட்டாங்கிளாஸ் படிச்சவ எழுத்து, கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும், பொறுத்துப் படி. நீயும் ஒன் பொஞ்சாதி மினதியும் பிள்ளையும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டுத்தான் யாரும் கடுதாசி ஆரம்பிப்பாவ. நான் கேக்கப் போறதில்ல. போன மாசம் ஒரிசாவுக்கு வந்து என் கண்ணாலயே பாத்துட்டேன். பாத்துட்டு வந்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

நீ அங்கன ஓட்டுத நம்ம லாரிய விக்கிறதுக்கு என் கையெழுத்து வேணும்னு பாரம் அனுப்பியிருக்க. வாங்குறவர் பேரு எழுதுத எடத்த வெறுமனே விட்டுட்டு, கீழ கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொல்லியிருக்க. லாரித் தொழில்ல எல்லாரும் செய்யுததுதான் இது. புரோக்கர் யார் தலையில கட்டுதானோ அவன் பேர அவனே எழுதிக்கிடுவான். ஒரிசாவுலயும் இப்ப பழைய வண்டிக்கு வரி, புகைக்குக் கெடுபிடின்னு ஆரம்பிச்சாச்சு, சுரங்கத்துக்காரன் புது வண்டிதான் வேணுங்கான், ஆனா அதுக்கும் அப்பால இன்னொரு மாநிலத்துல கல்லு உடைக்குத கிரஷருக்கு எடுத்துக்கிட ஆள் இருக்கு, அங்கன எவனும் எதுவும் கேக்க மாட்டான், நல்ல விலை வருதுன்னு சொன்ன. அந்தப் பணத்த வச்சு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு கயத்தாறுக்கே வந்துருதோம்னும் சொன்ன. இத விட ஒரு தாய்க்கு என்ன வேணும்? ஒரு கையெழுத்துக்கு ஏம்மா இம்புட்டு யோசிக்கன்னு நேத்து போன்ல சலிச்சுக்கிட்ட. சொல்லுதேன், கேளு.

ஒனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஊர்ல என்னைய லாரிக்காரம்மான்னுதான் கூப்பிடுவாவ. ஓட்டினது ஒங்க அப்பா, ஆனா வண்டி என் பேர்ல. ஆர்.டி.ஓ. ஆபீசு, இன்சூரன்ஸ், லோடு பேசுதது, இழுத்தடிக்கிறவன்கிட்ட சண்டை போடுதது எல்லாம் நான்தான். அவிய வாயில்லாப் பூச்சி. ஸ்டியரிங்கப் பிடிச்சா ராசா, எறங்கிட்டா ஒரு டீ கேக்கக்கூட யோசிப்பாவ. தொண்ணூறுகள்ல நம்ம ஊரைச் சுத்திக் கரண்டு எடுக்குத காத்தாடி நட ஆரம்பிச்சானுவ பாத்தியா, அப்பதான் நம்ம வீட்டுல அடுப்பு நல்லா எரிஞ்சுது. அஸ்திவாரத்துக்கு ஜல்லி, மணல், சிமெண்டு எல்லாம் நம்ம லாரிதான் கொண்டுபோய்த் தட்டுச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ கேபின்ல ஏறி ஒங்க அப்பா பக்கத்துல உக்காந்து ஹாரன் அடிப்ப. காத்தாடி வைக்குத கம்பெனிக்காரனுக்குக் கரண்டு ஒரு லாபம், வருமான வரியில கழிவு இன்னொரு லாபம்னு அங்கன இருந்த இஞ்சினியர் பையன் ஒருத்தன் சொன்னான். காத்துலகூட வரிய மிச்சம் பிடிக்கானுவளேன்னு நான் சிரிச்சேன். அப்ப எனக்கு அது வேடிக்கைதான்.

பொறவு ஒங்க அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணுல ஏறி வண்டி ஓட்ட முடியாமப் போச்சு. சம்பளத்துக்கு டிரைவர் போட்டேன். வண்டியும் கிழடாயிட்டு. காலையில கிளப்பினா தெருவே தெரியாது, அம்புட்டுப் புகை. பக்கத்து வீட்டு மேரியக்கா கொடியில காயப்போடுத வெள்ளைத் துணியெல்லாம் கரி பிடிச்சுப் போகும். அவ மகனுக்கு வேற எளப்பு. "ஏட்டி, செத்த அங்கன தள்ளி நிறுத்திக் கிளப்பக் கூடாதா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது"ன்னு தன்மையாத்தான் வந்து கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்க ஒங்க சன்னலச் சாத்துங்கக்கா, எங்க பொழப்பச் சாத்தச் சொல்லாதீங்கன்னேன். அவ போய்ச் சன்னலச் சாத்திக்கிட்டா. அதுக்குப் பொறவு இந்தப் பக்கமே திரும்பல. நான் என்னமோ ஜெயிச்சுட்ட மாதிரி அன்னைக்கு மீன் குழம்பு வச்சேன்.

அந்தச் சமயத்துலதான் பசுமை வரி வந்துச்சு. பழைய வண்டியெல்லாம் காத்தக் கெடுக்கு, அதனால தனியா ஒரு வரி கட்டணும்னு கவர்மெண்டு சொல்லிட்டு. வண்டி ஓட லாயக்குன்னு சர்ட்டிபிகேட்டு, அந்த எஃப்.சி. எடுக்கப் போன எடத்துல பிரேக் இன்ஸ்பெக்டர் இதச் சொன்னதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிட்டு. பசுமை எங்க சார் இருக்கு இந்த ஊர்ல, கரிசலும் ஒடமரமும் தவிர? காத்தாடி வச்சவனுக்கு வரியக் குறைக்கிய, காத்தாடிக்கு ஜல்லி அடிச்சவளுக்கு வரியப் போடுதிய, இது எந்த ஊரு நியாயம்னு ஆபீசே திரும்பிப் பாக்கச் சத்தம் போட்டேன். அந்த மனுசன் பாவம், இது நான் போட்ட வரியாம்மான்னு சிரிச்சாரு. வீட்டுக்கு வந்தும் நான் அடங்கல. தெருவுல நின்னு ஏசினேன், கடையில நின்னு ஏசினேன், ஒங்க அப்பாவ உக்கார வச்சு ஏசினேன்.

இப்ப ஒண்ணு சொல்லுதேன் ராசா. அந்த வரி ஒண்ணும் பெருசில்ல. ஒரு தடவ டீசல் போடுத காசுல அதக் கட்டிட்டு மிச்சம் வாங்கியிருக்கலாம். நான் போட்ட கூப்பாட்டப் பாத்து நீங்கல்லாம் குடிய முழுக்குத வரின்னு நினைச்சிய, நானும் நினைச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன். செலவு எதுலன்னா, புகை அடங்குததுக்கு எஞ்சின் வேலை பாக்குததுல. அதுவும் நம்மால ஆகாத செலவு இல்ல. ஒன் வண்டி ஊரக் கெடுக்குன்னு மூஞ்சிக்கு நேர சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல. மேரியக்கா சொன்னப்ப அவ வாய அடைச்சேன். அதையே கவர்மெண்டு சொன்னப்ப என்னால அடைக்க முடியல. அந்த வீம்புதான். வேற ஒண்ணும் இல்ல.

பைபாஸ் ஓட்டல்ல சாப்பிட நிறுத்துத டிரைவர்மாருதான் ஒரிசாக் கதையச் சொன்னாவ. அங்கன இரும்புக் கல்லு தோண்டுதான், ஓடுத லாரி பத்தல, புகையாவது புண்ணாக்காவது, நம்ம ஊரு வண்டி எம்புட்டோ அங்கன கிடக்குன்னு. எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. இங்கன ஆர்.டி.ஓ. ஆபீசுல பேர எடுத்து, ஒரிசா நம்பர் வாங்கி, வண்டிய அங்கனயே ஓட்டிரலாம்னு கணக்குப் போட்டேன். ஆனா தூர தேசத்துல கூலி டிரைவர நம்பி வண்டிய விட முடியுமா? டீசலத் திருடுவான், நல்ல டயரக் கழட்டிட்டு மொட்டை டயர மாட்டுவான். வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருக்கணும். வீட்டு ஆளுன்னா நீதான். ஒங்க அப்பாகிட்டப் பழகி அப்பவே நீ ஹெவி லைசன்சும் எடுத்திருந்த. ஆனா நீ கோவில்பட்டி மில்லுல பிட்டர் வேலை பழகிக்கிட்டு இருந்த. நீலச் சட்டைய நீயே தேச்சுப் போட்டுக்கிட்டு காலையில பஸ் ஏறுவ. பழகுத காலம் முடியப் போகுது, பர்மனென்ட் ஆக்கிருவாவன்னு ஒங்க அப்பாகிட்ட நீ சொன்னது, அடுப்படியில இருந்த என் காதுல விழத்தான் செஞ்சுது.

இனி சொல்லப் போறது ஒனக்குத் தெரியாது. ஒன்கிட்டச் சொல்லாம நான் மில்லுக்குப் போனேன். ஒங்க மேஸ்திரியப் பாத்து, என் மகன் இனிமே வரமாட்டான், எங்களுக்குச் சொந்த வண்டி இருக்கு, அதப் பாக்கப் போறான்னு சொன்னேன். நல்ல பையன்மா, நாங்க விடக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்னாரு. எனக்கு அதுல பெருமை வேற. சாயங்காலம் நீ சாப்பிட உக்காந்தப்போ ஒரிசாப் பேச்ச எடுத்தேன். மில்லு வேலைய என்னம்மா செய்யன்னு கேட்ட. அங்கன ஆள் குறைக்கப் போறாவளாம், ஒன்னையும் சேத்துதான்னு கேள்விப்பட்டேன்னு வாய் கூசாமச் சொன்னேன். மறுநாள் நீ மில்லுக்குப் போனா குட்டு உடைஞ்சுரும்னு, லாரிச் சாமான் எடுக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பி வச்சேன். பையனக் கேளு, வண்டியக் காயலான் கடையில போட்டுட்டு அவன மில்லுக்கு விடுன்னு ஒங்க அப்பா ஒரு தடவ சொன்னாவ. நான் ஏசின ஏச்சுல பொறவு அவிய அந்தப் பேச்சையே எடுக்கல. நீ "சரிம்மா"ன்ன. அம்புட்டுதான் சொன்ன. நீ என்னைய எதுத்துப் பேசியிருக்கணும் ராசா. எதுத்துப் பேசாத பிள்ளையா வளத்து வச்சதும் நான்தான்.

மாசாமாசம் நீ அனுப்பின பணத்துல வீட்டுக்குக் காங்கிரீட் போட்டேன். வரி கேட்டவனுக்கு டாட்டா காட்டிட்டு வண்டிய அனுப்பின கதைய ஆள் ஆளுக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதக் கேட்டு இந்தச் சுத்துப்பட்டுல இன்னும் சில பேரு பழைய வண்டியையும் பிள்ளையையும் சேத்து அனுப்பி வச்சாவ. அவனுவ அம்மாமாரு இப்பவும் என்னையக் கோயில்ல பாத்தா, அக்கா ஒங்களாலதான்னு கையப் பிடிச்சுக்கிடுதாவ. எனக்குக் கையை எங்கன கொண்டுபோய் வைக்கன்னு தெரியல. ஒங்க அப்பா போனது சித்திரை வெயில்ல. ஒடம்ப வைக்க முடியாதுன்னு எல்லாரும் சொன்னாவ. நீ ரயில் மாறி மாறி வந்து மணியாச்சியில எறங்கும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு, ஒங்க பெரியப்பா மகன் கையால கொள்ளி வச்சாச்சு. நீ சுடுகாட்டுக்குப் போய் நின்னுட்டு வந்த. ஏம்மா எனக்காகச் செத்த நேரம் காத்திருக்கக் கூடாதான்னு கேப்பன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீ கேக்கல. அவிய சட்டைய மட்டும் எடுத்துக்கிட்டு ரயில் ஏறிட்ட.

மினதியக் கட்டிக்கிடுதேன்னு நீ சொன்னப்ப நான் பேசின பேச்ச இங்கன எழுதக் கூசுது. கல்யாணத்துக்கு வரல. பிள்ளை பொறந்தப்பவும் வரல. மாமுனின்னு கூப்பிடுதோம், இங்கன பொம்பளப் பிள்ளையச் செல்லமா அப்படித்தான் கூப்பிடுவாவன்னு நீ ஆசையாச் சொன்ன. பொட்டப்பிள்ளைக்குத் தாடி வச்ச சாமியார் பேரான்னு கேலி பண்ணினேன். நீ சிரிச்ச. அந்தச் சிரிப்புல எம்புட்டு வருத்தம் இருந்திருக்கும்னு இப்பதான் எண்ணிப் பாக்கேன். பிள்ளைக்கு அடிக்கடி மேலுக்கு முடியாமப் போகுதுன்னு நீ சொல்லப் போயித்தான், போன மாசம் பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தேன்.

ராசா, ஒரு ஊரு அப்படி இருக்கும்னு நான் நினைக்கல. இரும்புக் கல்லுத் தூசி படிஞ்சு மரத்துல இலை எல்லாம் செவப்பு. கூரை செவப்பு, நாய் செவப்பு, குடிக்கத் தண்ணி வைக்குத குடத்து மேல செவப்பாப் படிஞ்சு கிடக்கு. லாரி போகுது போகுது போகுது, ரோடு ஒரு நிமிசம் சும்மா கிடக்கல. வாசல்ல உக்காந்து ஒவ்வொரு வண்டியாப் பாத்தேன். எல்லாம் நம்ம வண்டி மாதிரி கிழடு. நம்பர் புதுசா இருந்தாலும் கதவுல எழுதியிருக்குத எழுத்து மாறல. தமிழு, தெலுங்கு, இந்தி, எனக்குத் தெரியாத எழுத்து எம்புட்டோ. டிரைவரு பையன்களும் அப்படித்தான், ஒவ்வொருத்தன் ஒரு ஊரு. ஒவ்வொரு ஊர்லயும் வரியப் போட்டு விரட்டின வண்டியெல்லாம் அந்த ஒரு தெருவுக்கு வந்து சேந்திருக்கு. அவனவன் ஊர்ல என்னைய மாதிரி புத்தி கெட்ட கோட்டிக்காரி ஒருத்தி இருந்திருப்பா போல. நானும் மத்தவங்களும் சேந்து எங்க புகையப் பூராவும் கொண்டு வந்து அந்த ஊரு வாசல்ல கொட்டியிருக்கோம்.

மாமுனி பட்டப்பகல்ல ஓடி வெளையாடிக்கிட்டு இருந்தவ, திடீர்னு நின்னா. தரையில கைய ஊனி உக்காந்தா. தோள்பட்டை ரெண்டும் மேல ஏறுது எறங்குது, நெஞ்சுல விசில் அடிக்குத மாதிரி சத்தம். நான் பதறிப் போனேன். பிள்ளை பதறல. பழகிப் போன பெரிய மனுசி மாதிரி, ஒரு கைய நீட்டி அவ அம்மாவ மருந்து எடுத்துட்டு வரச் சொல்லுதா. மினதி ஈரத் துணிய வாசல்ல தொங்க விட்டுட்டு, பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு முதுகத் தடவுதா. எளப்பு செத்த அடங்கின பொறவு மினதி என்னையப் பாத்தா. ஒன்கிட்டத் தமிழ் படிச்சவ, அப்படியே கயத்தாறுக்காரி மாதிரி பேசுதா. "அத்தை, ஒங்க ஊர்ல வேண்டாம்னு சொன்ன வண்டிய எங்க ஊருக்கு ஏன் அனுப்புனிய?"ன்னு கேட்டா. கோவமாக் கேக்கல. தெரிஞ்சுக்கிடக் கேட்டா, அம்புட்டுதான். நான் காதுல விழாத மாதிரி, பருப்பு கொதிக்குன்னு எந்திச்சுப் போயிட்டேன். அடுப்புல பருப்பு இல்ல. அது அவளுக்கும் தெரியும்.

ஊருக்கு வந்ததும் மேரியக்கா வீட்டுக்குப் போனேன். அவ மகன் இப்ப வேலைக்குப் போய் நல்லா இருக்கான். அவ எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தா, பழச ஒண்ணும் பேசல. அது எனக்கு ஏச்ச விடப் பெரிய ஏச்சா இருந்துச்சு. பொறவு காத்தாடிக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். முந்தி நம்ம புஞ்சையக் கேட்டு வந்தவங்கள நாய அவுத்து விட்டு விரட்டினேன்ல, இப்ப தாரேன், எடுத்துக்கோங்கன்னு கேட்டேன். அவங்களுக்கு வேண்டிய எடமெல்லாம் கிடைச்சுட்டாம், இப்ப வேண்டாமாம். அதனால ஒனக்குத் தர என்கிட்டப் பணம் இல்ல. பெத்தவ, எங்கிட்டிருந்தாவது புரட்டித் தந்திருக்கணும். முடியல.

நீயும் இப்ப ஒரு பிள்ளைக்குத் தகப்பன், அதனால புத்தி சொல்லுதேன்னு நினைக்காத. வீம்பும் நியாயமும் வாயில வரும்போது ஒண்ணு போலத்தான் இருக்கும். நான் கத்தினது பூராவும் நியாயம்னு நினைச்சுத்தான் கத்தினேன். காத்தாடிக்காரனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமான்னு கேட்டது தப்பு இல்ல, இன்னைக்கும் கேப்பேன். ஆனா அதக் கேட்டுட்டு வரியக் கட்டியிருக்கணும், எஞ்சினச் சரி பண்ணியிருக்கணும், ஒன்னைய மில்லுக்கு விட்டிருக்கணும். ஒம் பிள்ளை பெருசாகி ஒன்கிட்ட எதையாவது வேண்டாம்னு சொன்னா, உக்காந்து கேளு. சொல்லலன்னாலும் உக்காந்து கேளு. சரிப்பான்னு சொன்னா ரெண்டு தடவ கேளு.

இந்தப் பாரத்த மொதல்ல கிழிச்சுப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். நீ சொன்ன ஆளுக்கு வித்தா, நம்ம வண்டி இன்னொரு ஊரு வாசல்ல போய் நிக்கும். வண்டி என் பேர்ல இருக்கு, நான் மாட்டேன்னா மாட்டேன்தான், என்னைய மீறி எவனாலயும் விக்க முடியாது. பேனாவத் தூக்கி எறிஞ்சுட்டு வீட்டுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். நடக்கும்போதுதான் ஒறைச்சுது. அன்னைக்கும் ஒன்னைய ஒரு வார்த்தை கேக்காம நான்தான் முடிவு பண்ணினேன். இன்னைக்கும் நானே பண்ணினா, நான் எங்க திருந்தினேன்? நீ பிள்ளைய வச்சுக்கிட்டு அந்தத் தூசியில தவிக்க, நான் இங்கன உக்காந்து நல்லவளா ஆகுததுக்கு ஒன் பணத்தத் தடுக்கவா?

அதனால கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா பேரு எழுதுத எடத்த வெறுமனே விடல. அங்கன ஒன் பேர எழுதியிருக்கேன். வண்டி இனிமே ஒன் வண்டி. என் ஆசையக் கேட்டா, அத அந்த ஊரு காயலான் கடையிலயே போட்டு, கேஸ் கட்டர் வச்சு எஞ்சின ரெண்டா வெட்டுதத நின்னு பாத்துட்டு வா. கொஞ்சமாத்தான் கிடைக்கும். இங்கன வந்தா கஞ்சி குடிச்சுக்கிட்டு ஒண்ணாக் கிடப்போம், மினதி என்னைய நாலு கேள்வி கேக்கட்டும், நான் பதில் சொல்லுதேன். இல்லம்மா, பிள்ளை வைத்தியத்துக்குப் பணம் வேணும், விக்கத்தான் செய்வேன்னா, வித்துக்கோ. நான் ஏச மாட்டேன். ஏச எனக்கு வாய் கிடையாது.

விக்கிறதுன்னா ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி. அந்தப் புரோக்கர்கிட்ட, வண்டி போய் நிக்கப் போற தெருவுல யாரு வீடு இருக்கு, அந்த வீட்டுல சின்னப் பிள்ளை உண்டுமான்னு கேட்டுக்கோ. நான் அன்னைக்கு அதக் கேக்கல. கேட்டிருந்தாலும் என்ன செஞ்சிருப்பேன், எவளோ பெத்த பிள்ளைன்னு சொல்லியிருப்பேன்.

ஒன் அம்மா